ராணுவ இசைக்குழுவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? சம்பளம், சலுகை, கருவி: ஒரு விளக்கம்

தேசிய தின அணிவகுப்பைப் பார்க்கும்போது நம்ம கண் முதலில் போவது வானத்துக்குத்தான். ஹெலிகாப்டர் தேசியக் கொடியைச் சுமந்து வரும். போர் விமானங்கள் சீறிப் பாயும். கைப்பேசிகள் எல்லாம் மேலே திரும்பும்.

கீழே, அணிவகுப்பின் ஒவ்வோர் அடிக்கும் தாளம் கொடுத்துக்கொண்டிருக்கும் இசைக்குழுவை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முழுச் சீருடை, தலையில் தொப்பி, தோளில் கனமான பித்தளைக் கருவி. வேர்வை வழிந்தாலும் துடைக்க முடியாது.

அவர்களுக்கு அது வேலையா? சம்பளம் எவ்வளவு? அந்தக் கருவி யாருடையது?

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக டிரம்பெட்டோ கிளாரினெட்டோ வாசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கேள்விகள் எப்போதாவது எழுந்திருக்கும். "இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

ஏன் அமெரிக்காவை உதாரணமாக எடுக்கிறோம்?

காரணம் எளிது. அமெரிக்க ராணுவத்தின் சம்பளப் பட்டியல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. எந்தப் பதவிக்கு, எத்தனை ஆண்டு சேவைக்கு, எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இசைக்குழுக்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்ற விவாதமும் அங்கே வெளிப்படையாக நடந்திருக்கிறது.

அதனால் ராணுவ இசைக்குழு எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது வசதியான இடம். அதைப் பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கு வருவோம்.

இவர்கள் வீரர்களா, கலைஞர்களா?

இரண்டும்தான். ஆனால் சம்பளப் பட்டியலைப் பொறுத்தவரை இவர்கள் வீரர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

வரலாறும் அதையே சொல்கிறது. 1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, யுஎஸ்எஸ் அரிசோனா போர்க்கப்பலின் இசைக்குழுவைச் சேர்ந்த 21 பேரும் மாண்டனர். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் இசைக் கலைஞர்கள் காயமடைந்தவர்களைத் தூக்கிச் சென்று பராமரிக்கும் வேலையைச் செய்தனர். 1989இல் இங்கிலாந்தின் டீல் நகரில் இருந்த ராயல் மரீன்ஸ் இசைப் பள்ளியில் ஐஆர்ஏ வைத்த குண்டு 11 பேரின் உயிரைப் பறித்தது.

கையில் இருப்பது புல்லாங்குழலாக இருக்கலாம். போட்டிருப்பது சீருடை.

எல்லா ராணுவ இசைக்குழுவும் ஒன்றா?

இல்லை. அமெரிக்காவில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு.

முதல் வகை, உயர்நிலை இசைக்குழுக்கள். பெரும்பாலும் வாஷிங்டன் வட்டாரத்தில் இருப்பவை. ஆகப் பழையது 1798இல் தொடங்கப்பட்ட மரீன் இசைக்குழு. வெள்ளை மாளிகையில் வாசிப்பது இவர்கள்தான். அணிவகுப்பு இசைக்குப் பெயர்போன ஜான் ஃபிலிப் சூசா 1880 முதல் 1892 வரை இதற்குத் தலைமை தாங்கினார். தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகியவற்றுக்கும் இதுபோன்ற தனி இசைக்குழுக்கள் உண்டு.

இரண்டாவது வகை, மற்ற ராணுவத் தளங்களில் இருக்கும் இசைக்குழுக்கள். ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி போன்ற இடங்களிலும் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும்.

வாசிக்கும் பாட்டு ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரு வகையினரின் வாழ்க்கையும் வேறு.

சரி, சம்பளம் எவ்வளவு?

உயர்நிலை இசைக்குழுவில் தேர்வு பெறுபவர் அடிமட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. நேரடியாக ஈ-6 என்ற சம்பளப் படிநிலை. தரைப்படையிலும் மரீன் படையிலும் அது ஸ்டாஃப் சார்ஜண்ட் பதவி. சாதாரண வீரருக்கு அந்த இடத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

2025 சம்பளப் பட்டியல்படி, புதிதாகச் சேரும் ஈ-6க்கு அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 3,280 அமெரிக்க டாலர்.

மற்ற இசைக்குழுக்களில் சேரும் பட்டதாரி பொதுவாக ஈ-4 நிலையில் தொடங்குவார். ஈ-1 முதல் ஈ-4 வரை உள்ள இளநிலை வீரர்களுக்கு 2025 ஜனவரியில் 4.5 விழுக்காடு, ஏப்ரலில் மேலும் 10 விழுக்காடு ஊதிய உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகு ஈ-4 நிலையில் புதிதாகச் சேர்பவருக்கு மாதம் சுமார் 3,000 டாலர்.

வித்தியாசம் வெறும் 250, 300 டாலர்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துவிடுவோம். உண்மையான வித்தியாசம் அடிப்படைச் சம்பளத்தில் இல்லை, வீட்டுப் படியில் இருக்கிறது.

ஈ-6 நிலையில் இருப்பவருக்கு வீட்டு வாடகைக்குத் தனிப்படி உண்டு. ஊருக்கு ஊர் மாறும். வாஷிங்டனில் அது மாதம் 2,000 டாலருக்கும் மேல். சாப்பாட்டுப் படி 2025இல் சுமார் 466 டாலராக இருந்தது. இந்த இரண்டுக்கும் வருமான வரி கிடையாது.

மூன்றையும் கூட்டினால் குறைந்தது 5,700 டாலர். சிங்கப்பூர் நாணயத்தில் ஏறக்குறைய 7,400 வெள்ளி.

ஈ-4 நிலையில் இருக்கும் திருமணமாகாதவரோ பெரும்பாலும் முகாமிலேயே தங்க வேண்டும். அவருக்கு வாடகைச் செலவு இல்லை, வீட்டுப் படியும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் இசை என்ற வார்த்தையே கிடையாது. ஈ-6 நிலையில் இருக்கும் டிரம்பெட் கலைஞருக்கும், அதே நிலையில், அதே சேவைக் காலத்தில் இருக்கும் வாகனப் பழுதுபார்ப்பாளருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். நன்றாக வாசித்தால் கைதட்டல் கூடும். சம்பளம் கூட வேண்டுமானால் பதவி உயர வேண்டும், அல்லது ஆண்டுகள் போக வேண்டும்.

சலுகைகளில் எது முக்கியம்?

பலரை ஈர்ப்பது சம்பளத்தைவிட இதுதான்.

மருத்துவம்: ராணுவ மருத்துவத் திட்டம் வீரருக்கும் குடும்பத்துக்கும் உண்டு. மருத்துவமனைக் கட்டணம் குடும்பங்களைக் கடனில் தள்ளும் நாட்டில் இதன் மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடுப்பு: ஆண்டுக்குச் சம்பளத்துடன் 30 நாள்.

கல்வி: தகுதிபெறும் வீரர்களுக்கு 36 மாதம் வரை கல்விச் செலவு. முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் என்று இசைக் கலைஞர்கள் இதைப் பயன்படுத்துவது வழக்கம்.

ஓய்வூதியம்: 2018ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள திட்டப்படி, 20 ஆண்டு சேவை முடித்தால், ஆக அதிகமாகச் சம்பாதித்த மூன்று ஆண்டுகளின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 40 விழுக்காடு வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும். சேமிப்புக் கணக்கிலும் அரசாங்கம் சம்பளத்தில் 5 விழுக்காடு வரை போடும்.

24 வயதில் சேர்பவர் 44 வயதில் ஓய்வூதியத்துடன் வெளியே வரலாம். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கலாம், வேறு குழுவில் வாசிக்கலாம். இசைத் துறையில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத வசதி இது.

கருவி யாருடையது?

பொதுவாக அரசாங்கத்துடையது. வேலைக்குத் தேவையான கருவியை ராணுவம் கொடுக்கும். பழுதானால் அதுவே சரிசெய்யும். சீருடையும் அப்படியே.

இது சின்ன விஷயம் இல்லை. தொழில்முறைக் கலைஞர் வாசிக்கும் பஸூன் கருவியின் விலை பல்லாயிரம் டாலர். டூபாவும் மலிவு இல்லை. கிளாரினெட், ஓபோ, சாக்ஸபோன் வாசிப்பவர்களுக்கு நாணல் சீவல் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று சில வாரங்கூடத் தாங்காது. தனியாகத் தொழில் செய்யும் கலைஞருக்கு இதெல்லாம் கைக்காசு.

ஆனாலும் பல வீரர்கள் சொந்தக் கருவியையும் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டு பழகிய கருவி கை போல ஆகிவிடுகிறது. ராணுவம் கொடுப்பதை மழையிலும் வெயிலிலும் அணிவகுப்புக்கு எடுத்துப்போவார்கள். தங்களுடையதை அரங்குக்கு எடுத்துப்போவார்கள்.

கருவிப் பட்டியலில் மறந்துபோவது ஒன்று உண்டு: காதடைப்பான். பித்தளைக் கருவிகளுக்கும் முரசுகளுக்கும் நடுவில் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் செவித்திறன் பாதிக்கப்படலாம். இசைக் கலைஞருக்குக் காதுதானே முதல் கருவி? அதைத் திருப்பி வாங்க முடியாது.

எப்படிச் சேர்வது?

முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். உயர்நிலை இசைக்குழுக்களில் ஓர் இடம் காலியானால்தான் தேர்வு. அதற்கு நாடு முழுவதிலிருந்தும் கலைஞர்கள் சொந்தச் செலவில் வருவார்கள். மரீன் இசைக்குழுவின் தேர்வில் வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை இருக்கும். யார் வாசிக்கிறார் என்பது நடுவர்களுக்குத் தெரியாது.

தேர்ச்சி பெற்றால் உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை. பிறகு அடிப்படை ராணுவப் பயிற்சி.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு: வெள்ளை மாளிகையில் வாசிக்கும் மரீன் இசைக்குழு. அதில் சேர்பவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கிடையாது. இசை மட்டுமே அவர்களது பணி, இடமாற்றமும் இல்லை. தரைப்படையின் உயர்நிலை இசைக்குழுவில் சேர்பவர்கள்கூட சுமார் 10 வாரம் துப்பாக்கி தூக்கி, மண்ணில் ஊர்ந்துவிட்டுத்தான் வாத்தியத்தைத் தொட முடியும்.

வெளியே இருக்கும் இசைக் கலைஞரோடு ஒப்பிட்டால்?

அமெரிக்காவின் ஆகப் பெரிய சிம்ஃபனி இசைக்குழுக்களில் ஆண்டுச் சம்பளம் 100,000 டாலரைத் தாண்டும். ராணுவத்தில் புதிதாகச் சேர்பவருக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் அந்த இடங்கள் சொற்பம்.

மற்ற கலைஞர்கள் பலருக்கும் ஒரு கச்சேரிக்கு இவ்வளவு, ஓர் ஒத்திகைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மருத்துவக் காப்புறுதி இல்லை. பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு, வார இறுதியில் கல்யாண வீட்டில் வாசிப்பு.

பெரிய பெயர்களும் நிலையானவை இல்லை. 2011இல் ஃபிலடெல்ஃபியா இசைக்குழு நொடிப்புப் பாதுகாப்பு கோரி மனுச் செய்தது. மினசோட்டா இசைக்குழுவில் ஊதியத் தகராறு முற்றி, 2012 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கும் மேல் கலைஞர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2020இல் கொவிட் வந்தபோது நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஆப்பரா தன் இசைக் கலைஞர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தியது.

அதே நேரத்தில் ராணுவ இசைக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ராணுவம் விற்பது இந்த நிம்மதியைத்தான்.

அப்போ எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

முதலில், வேலையை விட்டுப் போகும் உரிமையை. தனியார் வேலையில் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு போதும். ராணுவத்தில் ஒப்பந்தக் காலம் முடியும்வரை நகர முடியாது. முழுநேரச் சேவை நான்கு ஆண்டு என்று இருந்தாலும், பொதுவாக மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டு. மீதிக் காலம் ரிசர்வ் படைப் பட்டியலில் பெயர் இருக்கும்.

இரண்டாவது, எதை வாசிப்பது, எங்கே வாசிப்பது என்ற தெரிவு. பிடித்த இசையமைப்பாளரை வாசிக்க ஆசையிருக்கும். அன்றைய உத்தரவு பதவியேற்பு விழாவாக இருக்கும், அல்லது சக வீரரின் இறுதிச்சடங்காக இருக்கும்.

மூன்றாவது, கூடுதல் வருமானத்தில் கட்டுப்பாடு. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பில் ராணுவ இசைக்குழுக்கள் போட்டியிடக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. கடமையில் இருக்கும் இசைக்குழு நிகழ்ச்சிக்குக் கட்டணம் வாங்க முடியாது. ஓய்வு நேரத்தில் தனிப்பட்ட முறையில் வெளியே வாசிக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும்.

வரிப்பணத்தை இதற்குச் செலவிடலாமா?

இந்தக் கேள்வி 2016இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சூடுபிடித்தது. 2015இல் இசைக்குழுக்களுக்கு மட்டும் சுமார் 437 மில்லியன் டாலர் செலவானதாகக் கணக்கு வெளிவந்தது. முன்னாள் போர் விமானியும் அரிசோனா மாநில உறுப்பினருமான மார்த்தா மெக்சாலி, சமூக நிகழ்ச்சிகளில் ராணுவ இசைக்குழுக்கள் வாசிப்பதைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தார்.

437 மில்லியன் அதிகமா, குறைவா? எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தற்காப்புச் செலவோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாடு முழுவதும் கலைக்கு மானியம் கொடுக்கும் தேசியக் கலை நிதிக்கு அதே ஆண்டு கிடைத்தது 146 மில்லியன் டாலர். சீருடை போட்ட இசைக்கு அதைப்போல மூன்று மடங்கு.

2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. 2012க்கும் 2016க்கும் இடையே இசைக்குழுக்கள் 150இலிருந்து 137ஆகக் குறைந்துவிட்டன என்றது அது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சொன்னது: மன உறுதியை வளர்க்கிறோம், நாட்டுப்பற்றைத் தூண்டுகிறோம் என்று படைகள் சொல்கின்றன, ஆனால் அதை அளப்பதற்குச் சரியான வழியை அவை வகுக்கவில்லை.

நியாயமான விமர்சனம்தான். ஆனால் எப்படி அளப்பது? மகனைப் பறிகொடுத்த தாய், கல்லறை அருகே ஒற்றை டிரம்பெட் ஒலிக்கும்போது என்ன உணர்கிறார் என்பதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? அளக்க முடியாதது எல்லாம் பயனில்லாதது ஆகிவிடாது. அதற்காக, அளக்க முடியாதது என்று சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கவும் முடியாது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் அந்த வேலைகள் இருக்கின்றன. சிக்கனம் என்ற பேச்சு வந்தால் இசைக்குழுவின் பெயர் முன்வரிசையில் வரும். சேர்பவர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிங்கப்பூரில் எப்படி?

அடிப்படை வேறு. அமெரிக்காவில் விருப்பப்பட்டவர் சேர்கிறார். இங்கே ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். சிங்கப்பூர் ஆயுதப் படையின் இசைக்குழுக்களில் முழுநேரத் தேசிய சேவையாளர்களும் இருக்கிறார்கள், அதையே தொழிலாக எடுத்துக்கொண்ட நிரந்தரப் படையினரும் இருக்கிறார்கள்.

தேசிய சேவையாளருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, படித்தொகை. 2025 ஜூலையிலிருந்து புதிய வீரருக்கு மாதம் 790 வெள்ளி. அதற்குமுன் 755 வெள்ளியாக இருந்தது. பதவி கூடக்கூடத் தொகை கூடும்.

நிரந்தரப் படையினருக்கு அமெரிக்காவில் உள்ள அதே தத்துவம்தான்: பதவியும் சேவைக் காலமும் பேசும்.

இங்கே இன்னொரு பின்னணியும் உண்டு. 1965இல் சுதந்திரம் பெற்ற கையோடு பள்ளிகளில் இசைக்குழு இயக்கம் தொடங்கப்பட்டது. ஒழுங்கும் ஒற்றுமையும் வளர அணிவகுப்பு இசை உதவும் என்று அப்போதைய அரசாங்கம் நம்பியது. இன்று பள்ளிப் பிள்ளைகள் கருவி வாங்கும் வசதி இல்லாமலேயே டூபாவும் யூஃபோனியமும் பழகுகிறார்கள் என்றால், கருவி பள்ளியுடையது என்பதால்தான்.

ஆனால் பள்ளியை விட்டு வெளியே வரும் நாளில் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பலருக்கு இசை அங்கேயே நின்றுவிடுகிறது. தேசிய சேவையில் இசைக்குழுவுக்குத் தேர்வாகும் சிலருக்கு மட்டும் அந்தக் கருவி இன்னும் இரண்டு ஆண்டு கையில் இருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

எந்த நாடாக இருந்தாலும், ராணுவ இசைக்குழுவைத் தொழிலாக யோசிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

• அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு? தனித்தனியாகக் கேளுங்கள். ஓய்வூதியம் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

• எத்தனை ஆண்டுக் கடப்பாடு? இடையில் விலகினால் என்ன ஆகும்?

• இசைக்குழுவில் இடம் உறுதி என்று எழுத்தில் இருக்கிறதா? வேறு பிரிவுக்கு மாற்ற முடியுமா?

• எந்தக் கருவி கொடுப்பார்கள்? சொந்தக் கருவி பணியில் சேதமானால் யார் பொறுப்பு?

• செவிப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா?

• வெளியே வாசிக்கவும் படிக்கவும் அனுமதி உண்டா?

பிள்ளை வந்து கேட்டால், "வாத்தியம் வாசித்தால் சோறு போடுமா?" என்று பழைய பாட்டைப் பாடாதீர்கள். போடும். வீடு, மருத்துவம், ஓய்வூதியம்கூடக் கொடுக்கும். ஆனால் அந்தச் சம்பளச் சீட்டில் இசைக் கலைஞர் என்று இருக்காது, ஒரு பதவியின் பெயர்தான் இருக்கும். காலையில் எழுந்து முதலில் சீருடையைப் போட்டு, அதற்குப் பிறகு கருவியை எடுக்க மனம் ஒத்துவருகிறதா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.